ஏரி, கண்மாய்ல நீர்த்தெள்ளு சர்வே எடுக்கறது எப்படி: வலை போடறதுலேர்ந்து இனப்பட்டியல் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கோ பிஎச்.டி முதல் வருஷத்துக்கோ ஒரு ஏரிய எடுத்துக்கிட்டு நீர்த்தெள்ளு, அதாவது கிளாடோசெராங்கற குட்டி ஓட்டு நீர் உயிரிங்களோட லிஸ்ட் போடறவங்க பெரும்பாலும் ஒரே லிஸ்டத்தான் கொண்டு வர்றாங்க. மொய்னா, டயாஃபனோசோமா, செரியோடாஃப்னியா, கூட ஒண்ணு ரெண்டு, அவ்ளோதான். அதே ஏரியோட ஓரத்துப் பாசிக்குள்ள வலைய விட்டிருந்தா லிஸ்ட் ரெண்டு மடங்கு தாண்டியிருக்கும். பிரச்சனை ஏரில இல்ல, எந்த வேலைய எதுக்கு அப்புறம் பண்றோம்ங்கறதுல இருக்கு. தமிழ்நாட்டு சமவெளி ஏரி, குளம், கண்மாய மனசுல வச்சுத்தான் எழுதறேன், ஆனா மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வத்தற எந்த வெப்பமண்டலக் குளத்துக்கும் இதே வரிசை ஓடும்.

1. இனம் வேணுமா, எண்ணிக்கை வேணுமா? முதல்ல இத முடிவு பண்ணுங்க

"என்னென்ன இனம் இருக்கு"ங்கறது ஒரு வேலை, "லிட்டருக்கு எத்தனை இருக்கு"ங்கறது இன்னொரு வேலை. ரெண்டையும் ஒரே சாம்பிள்ல முடிச்சுடலாம்னு நினைக்கறதுலதான் முக்கால்வாசி பேர் மாட்டறாங்க.

எண்ணிக்கைக்கு எவ்ளோ தண்ணி வடிகட்டுனோம்னு கரெக்ட்டா தெரியணும். இனப்பட்டியலுக்கு அது தேவையில்ல, எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்கோ அங்கெல்லாம் வலைய விட்டு அலசணும். பாசிக்குள்ள அலசுன சாம்பிளுக்கு லிட்டர் கணக்கு வராது, நடு ஏரி பக்கெட் சாம்பிள்ல பாசி இனம் வராது. ஆக ரெண்டு செட் பாட்டில், ரெண்டு தனி கோட் நம்பர்.

2. எப்ப போறது

ஒரே ஒரு தடவ போய்ட்டு வந்து "இந்த ஏரியின் கிளாடோசெரா"னு தலைப்பு வைக்காதீங்க. வடகிழக்குப் பருவமழைல அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் நிரம்பற ஏரி ஏப்ரல் மே-ல குட்டையா சுருங்கிடும், அதுக்குள்ள உள்ள இருக்கற கூட்டமே மாறிடும். குறைஞ்சது மூணு கட்டத்துல எடுக்கணும்: தண்ணி வந்த முதல் ரெண்டு மூணு வாரம், நிறைஞ்சு பாசி வளர்ந்து நிக்கற காலம், வத்தற காலம்.

முதல் கட்டத்துல கலங்கல் தண்ணில மொய்னா மாதிரி வேகமா பெருகற ஆளுங்க வருவாங்க, மீன் இன்னும் பெருகலன்னா பெரிய சைஸ் டாஃப்னியா கூட கிடைக்கலாம். ஜனவரி, பிப்ரவரி வாக்குல வேலம்பாசியும் அல்லியும் படர்ந்தப்புறம்தான் கைடோரிடே குடும்பம் குவியும், லிஸ்ட்டுக்கு இதுதான் நல்ல சீசன். வத்தற காலத்துல ஆணும், வறட்சியத் தாங்கற முட்டைக்கூடும் கிடைக்கும். வருஷம் பூரா பெரும்பாலும் பெண்ணுதான், ஆண் இல்லாமலே குஞ்சு போடும், நிலைமை மோசமாகும்போதுதான் ஆண் தலைகாட்டும். சில இனத்த உறுதி பண்ண ஆண் தேவைப்படறதால இந்தக் கடைசி கட்டத்த விட்டுடாதீங்க.

பர்மிஷன் விஷயத்தயும் இப்பவே முடிங்க. பெரிய ஏரின்னா நீர்வளத்துறை, ஊர்க்குளம்னா பஞ்சாயத்து, வேடந்தாங்கல் மாதிரி சரணாலயம்னா வனத்துறை. மீன் குத்தகைக்கு எடுத்தவர்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவர்ட்ட கேக்க வேண்டியதும் நிறைய இருக்கு, பின்னாடி சொல்றேன்.

3. கிளம்பறதுக்கு முன்னாடி ரெடியா இருக்க வேண்டியது

வலைதான் முக்கியம். நம்ம ஊர் நீர்த்தெள்ளு சின்னது, செரியோடாஃப்னியா கார்னூட்டால்லாம் அரை மில்லிமீட்டர் சுத்துலதான் இருக்கும், குஞ்சு அதவிட சின்னது. 200 மைக்ரான் வலை போட்டா பாதி ஓடிடும். அதுக்காக 40 மைக்ரான் போட்டா பச்சைத் தண்ணில அஞ்சு நிமிஷத்துல அடைச்சுக்கும், தண்ணி வாய்ப்பக்கமா வழிஞ்சுடும், கணக்கு மொத்தமும் போச்சு. 100லேர்ந்து 120 மைக்ரான் சரியா இருக்கும்.

கம்பெனி வலை வாங்க காசு இல்லன்னா ஸ்க்ரீன் பிரிண்டிங் கடைல துணி கிடைக்கும். சென்டிமீட்டருக்கு 55 இழை இருக்கற துணி கிட்டத்தட்ட 115 மைக்ரான் வரும், ஆனா நூல் தடிமனுக்கு ஏத்த மாதிரி மாறும், அதனால வாங்குன துணிய மைக்ராஸ்கோப்ல வச்சு ஓட்டைய அளந்து நோட்ல எழுதிட்டு அப்புறம் தைங்க.

ரெண்டு வலை தைக்கணும். ஒண்ணு கூம்பு மாதிரி, அடில பாட்டில் கட்டுனது. இன்னொண்ணு நீளக் கைப்பிடி போட்ட கைவலை, பாசி அலச.

மிச்சம்: அளவு போட்ட 10 லிட்டர் பக்கெட், 100 மில்லி அகல வாய் பாட்டில், கடை ஃபார்மலின், சர்க்கரை, இனிப்பில்லாத ப்ளெயின் சோடா, பென்சில், டிரேசிங் பேப்பர், கையுறை, தெர்மாமீட்டர், பிஎச் மீட்டர், கண்டக்டிவிட்டி மீட்டர், தண்ணித் தெளிவ அளக்கற 20 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வெள்ளை செக்கி தட்டு. தனியா போகாதீங்க. தாமரைக் கிழங்குச் சேறு காலப் பிடிச்சா நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனமில்ல.

4. ஒரே ஏரில நாலு இடம்

முதல்ல நடு ஏரி. கரையிலேர்ந்து வலைய வீசி இழுக்கறது நடு ஏரி சாம்பிள் ஆகாது, பரிசலோ தெப்பமோ வேணும். பக்கெட்ல மொண்டு 50 லிட்டர் கூம்பு வலைல ஊத்துங்க, இதுதான் எண்ணிக்கை சாம்பிள். ஒரே இடத்துல மொள்ளாம தள்ளித் தள்ளி மொள்ளுங்க, ஏன்னா இதுங்க திட்டுத் திட்டா கூடி நிக்கும், காத்தடிக்கற பக்கம் ஒதுங்கும். மீன் இருக்கற ஏரில பகல்ல நிறைய பேர் அடிக்கோ பாசிக்கோ ஒதுங்கிடறதால மேல் தண்ணிய மட்டும் எடுத்துட்டு ஏரி காலினு எழுதிடக்கூடாது. முடிஞ்சா ஒரு தடவ ராத்திரி எடுத்துப் பாருங்க.

ரெண்டாவது, பாசி. இதுல அவசரப்படாதீங்க, லிஸ்ட்டோட பெரும்பகுதி இங்கதான் இருக்கு. கைவலைய வேலம்பாசிக்குள்ள விட்டு எட்டு மாதிரி சுத்தி அலசுங்க, அப்புறம் ஒரு கொத்துப் பாசிய அறுத்து பக்கெட் தண்ணில நல்லா உலுக்கி அந்தத் தண்ணிய வடிகட்டுங்க. சைமோசெஃபாலஸ் முதுகால செடில ஒட்டிக்கிட்டு நிக்கற ஆளு, சும்மா வலைய இழுத்தா விழாது, உலுக்குனாத்தான் விழும். அலோனா, கைடோரஸ், மேக்ரோத்ரிக்ஸ் எல்லாம் தண்டு, இலை மேலயே ஊர்ந்து திரியும். ஒவ்வொரு செடிக்கும் தனி பாட்டில்: ஆகாயத்தாமரை வேர் ஒண்ணு, அல்லி இலை அடி ஒண்ணு, சம்பு, கோரைப் பக்கம் ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே பாட்டில்ல கொட்டிட்டா எந்த இனம் எந்தச் செடில இருந்துச்சுன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது.

மூணாவது, அடிச்சேறு. மேல் ஒரு சென்டிமீட்டர் சேத்த மட்டும் ஒரு பெரிய சிரிஞ்சாலயோ டியூபாலயோ உறிஞ்சுங்க. இலியோகிரிப்டஸ் இங்கதான் கிடக்கும், அதுல சில இனம் உரிச்ச பழைய ஓட்ட தூக்கி எறியாம மேலயே சுமந்துக்கிட்டு திரியும். சேத்த ஆழமா வாரிட்டா வடிகட்டவே ஒரு நாள் ஆகும்.

நாலாவது, காத்தில்லாத மூலைல தண்ணியோட மேல்பரப்பு. ஸ்கேஃபோலெபெரிஸ் கிங்கி வயித்த மேல வச்சு தலைகீழா தண்ணித் தோல்ல தொங்கும். வலைய பாதி முங்குனபடி இழுத்தா மாட்டும்.

தண்ணி அளவீடு எல்லாம் வலை போடறதுக்கு முன்னாடி. சேத்தக் கலக்குனப்புறம் செக்கி தட்டு இறக்குனா அது ஏரியோட தெளிவ காட்டாது, உங்க கால் தடத்தத்தான் காட்டும்.

5. சோடா, அப்புறம் சர்க்கரை ஃபார்மலின், இந்த வரிசை மாறக்கூடாது

உயிரோட இருக்கற நீர்த்தெள்ளு மேல நேரா ஃபார்மலின் ஊத்துனா அது துடிச்சு ஓடு பலூன் மாதிரி விரியும், வயித்துப் பைல இருக்கற முட்டை, குஞ்சு எல்லாம் வெளிய கொட்டிடும். அப்புறம் உருவத்தையும் நம்ப முடியாது, முட்டை எண்ணிக்கையும் கிடைக்காது.

அதனால வடிகட்டுன சாம்பிள்ல முதல்ல கொஞ்சம் சோடா ஊத்துங்க. ரெண்டு நிமிஷத்துல மயங்கி அடில போய் நிக்கும். அப்புறம் வலைல தண்ணிய இறுத்துட்டு ஃபார்மலின் கரைசல்ல போடுங்க. 100 மில்லிக்கு 4 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு டீஸ்பூன், கரைச்சு வச்சிருந்தா ஓடு விரியறது நல்லாவே குறையும்.

இங்க ஒரு கணக்குக் குழப்பம் எல்லா பேட்ச்லயும் வருது. கடைல விக்கற ஃபார்மலின்லயே ஃபார்மால்டிஹைடு 37லேர்ந்து 40 சதவீதம்தான். "4 சதவீத ஃபார்மால்டிஹைடு" வேணும்னா கடை ஃபார்மலின் 10 மில்லி, தண்ணி 90 மில்லி. ஃபார்மலினே 4 மில்லி ஊத்திட்டு "4 சதவீதம்"னு எழுதுனா உண்மைல அது ஒண்ணரை சதவீதம் சொச்சம்தான், பாசித் துணுக்கு நிறைய இருக்கற பாட்டில்ல ஒரு மாசத்துல நாறிடும்.

ஃபார்மலின் புற்றுநோய் வரவைக்கற சாமான். கரைசல லேப்லயே ஃப்யூம் ஹூட்ல கலந்து கொண்டு போங்க, பஸ்ல மூடி இறுக்கமில்லாத பாட்டில தூக்கிட்டுப் போகாதீங்க.

டிஎன்ஏ பாக்கற எண்ணம் இருந்தா அந்த பாட்டில் பக்கம் ஃபார்மலினே வரக்கூடாது. தண்ணிய நல்லா இறுத்துட்டு 95 சதவீத எத்தனால், அடுத்த நாள் பழச கொட்டிட்டு புதுசு மாத்தணும், ஏன்னா உடம்புல இருக்கற தண்ணி கலந்து எத்தனால் நீர்த்துப் போய்டும்.

6. லேபிள் பாட்டிலுக்குள்ள

பென்சில்ல டிரேசிங் பேப்பர்ல எழுதி உள்ள போடுங்க. வெளிய மார்க்கர்ல எழுதுனது எத்தனால் ஒரு சொட்டு பட்டாலே அழிஞ்சுடும், பால்பாயிண்ட் மை உள்ளயே கரைஞ்சுடும்.

ஏரி பேரு, இடம், தேதி, மணி, எந்த மாதிரி இடம், எந்தச் செடி, ஆழம், வலை சைஸ், எடுத்தவர் பேரு. போன்ல லொகேஷன் எடுக்கும்போது தசம டிகிரில எடுங்க, குழுவுல எல்லாரும் அதையே எடுங்க. ஒருத்தர் டிகிரி நிமிஷத்துல எழுதி இன்னொருத்தர் அத தசமம்னு நினைச்சு மேப்ல போட்டா புள்ளி பக்கத்துத் தாலுகால போய் நிக்கும்.

7. பிரிச்செடுக்கறது

ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்ல பெட்ரி டிஷ் வச்சு இன்சுலின் ஊசியாலயும் மெல்லிசான பிப்பெட்டாலயும் ஒவ்வொண்ணா எடுங்க. முதல் சுத்துல இனம் பாக்காதீங்க, உருவத்த வச்சு கூட்டமா பிரிங்க. ஆரம்பத்துலயே பேர் வைக்க ஆரம்பிச்சா கண்ணு அந்தப் பேரையே தேடும், புதுசு ஒண்ணு வந்தாலும் தெரிஞ்ச கூட்டத்துலயே தள்ளிடும்.

கிளாடோசெராவே இல்லாத ரெண்டு பேர் அடிக்கடி இதுக்குள்ள வந்துடறாங்க. ஒண்ணு ஆஸ்ட்ரகாட், தலையும் சேர்ந்து முழுசா ரெண்டு ஓட்டுக்குள்ள இருக்கும். நீர்த்தெள்ளுக்கு தலை ஓட்டுக்கு வெளிய. இன்னொண்ணு சைக்ளெஸ்தீரியா ஹிஸ்லோபி, வெப்பமண்டலம் முழுக்க பாசிக்குள்ள இருக்கற சின்ன ஓட்டு இறால். கிளாடோசெராவுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம், அதுவும் குஞ்ச ஓட்டுக்குள்ளயே வச்சு வளர்க்கும், அதனால ஏமாத்தும். உள்ள கால் ஜோடிய எண்ணுங்க: நீர்த்தெள்ளுக்கு நாலுலேர்ந்து ஆறு, இதுக்கு பத்தத் தாண்டும்.

8. இனம் கண்டுபிடிக்கறது

ஸ்லைடுல கிளிசரினும் தண்ணியும் சரிபாதி ஒரு சொட்டு. கவர் ஸ்லிப்புக்கு நாலு மூலைலயும் துளி மெழுகு இல்லன்னா களிமண் பசை, இல்லாட்டி மிருகம் நசுங்கிடும். மெழுகு வச்சா இன்னொரு லாபம், கவர் ஸ்லிப்ப லேசா நகர்த்துனா மிருகம் உருளும், பக்கவாட்டுலயும் முதுகுப்பக்கமும் பாத்துக்கலாம்.

இந்த வரிசைல பாருங்க. முதல் உணர்கொம்பு தும்பிக்கை மாதிரி கீழ வளைஞ்சு அசையாம இருந்தா பாஸ்மினிடே, அத ஒதுக்கிடுங்க. அடுத்து நீச்சலடிக்கற ரெண்டாவது உணர்கொம்போட ரெண்டு கிளைலயும் கணு எண்ணுங்க. ரெண்டுமே மூணு கணுன்னா கைடோரிடே பக்கம். ஒண்ணு நாலு ஒண்ணு மூணுன்னா டாஃப்னிடே, மொய்னிடே, மேக்ரோத்ரிசிடே, இலியோகிரிப்டிடே இதுல ஏதோ ஒண்ணு. கொம்பு ரொம்ப பெருசா, முடி நிறைய, ஆறு ஜோடிக் காலும் ஒரே மாதிரின்னா டயாஃபனோசோமா இருக்கற சிடிடே.

அதுக்கப்புறம் பின்வயிறு, அதாவது உடம்போட கடைசில நகத்தோட முடியற பகுதி. கைடோரிடேல பேர் நிக்கறதே பின்வயித்துப் பல், நகம், தலைமேல இருக்கற துளை இந்த மூணுலதான், 40எக்ஸ் லென்ஸ் கட்டாயம், துளைக்கு சில சமயம் ஆயில் லென்ஸ். வளர்ந்த பெண்ண மட்டும் எடுங்க. குஞ்ச வச்சு இனம் சொல்றவங்க தைரியசாலிங்க.

பொதுவா எல்லாரும் விழற குழி மூணு இருக்கு.

ஒரே இனத்த ரெண்டா எண்ணறது: செரியோடாஃப்னியா கார்னூட்டாவுக்கு தலைல கொம்பு உள்ள வடிவமும் உண்டு, இல்லாத வடிவமும் உண்டு, ரெண்டும் ஒரே ஏரில இருக்கும். டாஃப்னியா லும்ஹோல்ட்சியும் அப்படித்தான், மீன் வாசனை இருந்தா தலைல நீளமா ஈட்டி வளர்க்கும், இல்லன்னா மொட்டையா இருக்கும். இதுங்கள தனித்தனியா எழுதி லிஸ்ட்ட நீட்டாதீங்க.

ஐரோப்பா பேர ஒட்டறது இதுக்கு நேர் எதிர்த்தப்பு. கைடோரஸ் ஸ்ஃபேரிகஸ், டாஃப்னியா பூலெக்ஸ்னு சமவெளிக் குளத்து லிஸ்ட்ல பாத்தா எனக்கு உடனே சந்தேகம் வரும். இந்த மிருகங்க உலகம் பூரா ஒரே இனம்னு ஒரு காலத்துல நினைச்சாங்க, 1980கள்ல டேவிட் ஃப்ரே கைடோரிடேவ நுணுக்கமா பாத்து ஒரே பேருக்குள்ள பல இனம் ஒளிஞ்சிருக்குனு காட்டுனப்புறம் அந்த எண்ணம் ஆட்டம் கண்டுடுச்சு. அதனால படம் ஒத்துப்போனா மட்டும் பத்தாது, சந்தேகம்னா பேருக்கு நடுவுல 'சிஎஃப்' (cf., 'இது மாதிரி இருக்கு, உறுதியில்ல'ங்கற குறி) போடுங்க, அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்ல.

மூணாவது, பழைய பேரு. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை 1988ல வெளியிட்ட கிளாடோசெரா தொகுதிதான் நம்ம ஊருக்கு இன்னிக்கும் முதல் கைப்பிடி, ஆனா அதுக்கப்புறம் அலோனாவ மட்டுமே பல பேரினமா உடைச்சுட்டாங்க, அலோனா ரெக்டாங்குலா இப்ப கொரோனடெல்லா, அலோனா கருவா இப்ப கருவலோனா. பழைய பேர் ஒண்ணு, புதுப் பேர் ஒண்ணுன்னு ஒரே மிருகம் ரெண்டு வரில வந்துடாம பாத்துக்குங்க.

ஒவ்வொரு இனத்துக்கும் ரெண்டு மூணு நல்ல மாதிரிய தனிக் குப்பில வச்சு, பின்வயிறு ஃபோட்டோவோட சேமிங்க. நாளைக்கு ஒருத்தர் "இது அது இல்ல"ன்னா காட்ட கைல சரக்கு இருக்கணும்.

9. எண்ணிக்கை

பக்கெட் சாம்பிள மட்டும் எண்ணுங்க. 50 லிட்டர வடிகட்டி 50 மில்லியா சுருக்கியாச்சுன்னு வைங்க. மெதுவா கலக்கி, அகல வாய் பிப்பெட்டால 1 மில்லி எடுத்து, 1 மில்லி பிடிக்கற எண்ணும் ஸ்லைடான செட்விக் ராஃப்டர் தட்டுல விட்டு எண்ணுங்க. சராசரி 12 வந்தா மொத்தம் 600, லிட்டருக்கு 12.

மெல்லிசு வாய் பிப்பெட் போட்டா பெரிய மிருகம் உள்ளயே வராது, சின்னதுங்க மட்டும் அதிகமா தெரியும். அபூர்வ இனத்துக்கு 1 மில்லிய நம்பாதீங்க, மிச்ச சாம்பிள் முழுசயும் டிஷ்ல கொட்டித் தேடுங்க.

10. காய்ஞ்ச மண்ணையும் விடாதீங்க

மே மாசம் ஏரி வறண்டுட்டா வேலை முடிஞ்சுதுன்னு கிளம்பிடாதீங்க. மேல்மண்ணுல எஃபிப்பியம்ங்கற கறுத்த முட்டைக்கூடு கிடக்கும், டாஃப்னியா கூட்டுல ரெண்டு முட்டை, செரியோடாஃப்னியா, சைமோசெஃபாலஸ் கூட்டுல ஒண்ணு. ஏரில பல இடத்துலேர்ந்து மேல் ரெண்டு சென்டிமீட்டர் மண்ண சுரண்டி, நிழல்ல உலர்த்தி வச்சு, லேப்ல மழைத்தண்ணியோ குளோரின் போன தண்ணியோ ஊத்தி வெளிச்சத்துல வைங்க. ரெண்டு வாரம் தினமும் பாருங்க. மீனே இல்லாத டப்பால வளர்றதால ஏரில மீன் வாய்க்குத் தப்பாத இனம்கூட இங்க தலைகாட்டும். ஏரித் தண்ணிய ஊத்தாதீங்க, அதுல ஏற்கெனவே நீந்திட்டிருந்தது வந்து மண்ணுலேர்ந்து பொரிஞ்ச கணக்குல சேர்ந்துடும்.

11. பரவல் மேப் போடும்போது

இங்கதான் எல்லாரும் வேகமா ஓடறாங்க. "அந்த ஏரில இருக்கு, இந்த ஏரில இல்ல"ன்னு எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு ஏரிலயும் ஒரே அளவு தேடுனோமான்னு பாருங்க. ஒண்ணுல பன்னெண்டு பாட்டில், இன்னொண்ணுல நாலு பாட்டில்னா வித்தியாசம் பாட்டில்லதான் இருக்கு. பாட்டில் கூடக் கூட புது இனம் எவ்ளோ சேருதுன்னு கோடு வரைங்க, கோடு இன்னும் ஏறிக்கிட்டே இருந்தா தேடல் முடியல. கண்ணுல படாத இனம் எவ்ளோன்னு ஊகிக்கற சாவோ (Chao) கணக்கும் போடலாம்: மொத்தம் 18 இனம், ஒரே ஒரு பாட்டில்ல மட்டும் வந்தது 6, ரெண்டு பாட்டில்ல வந்தது 3ன்னா, 6ஐ 6ஆல பெருக்கி, 3ஓட ரெண்டு மடங்கால வகுத்து 18ஓட கூட்டுங்க, 24. இன்னும் குறைஞ்சது ஆறு இனம் கண்ணுல படாம இருக்குன்னு அர்த்தம். இனப் பன்மைய ஒரே எண்ணுல சொல்ற ஷானன் இண்டெக்ஸ் மட்டும் போட்டுட்டு இத விட்டுடறது நல்ல பழக்கமில்ல.

அடுத்து, ஏரிங்க தனித்தனி ஆளுங்க இல்ல. மேல் ஏரி கலிங்கல் வழிஞ்சா கீழ் ஏரிக்கு தண்ணியோட தெள்ளும் போகும். வீராணத்துக்கு கீழணையிலேர்ந்து வடவாறு வழியா தண்ணி வருது, அப்ப வீராணத்துல கிடைக்கறது வீராணத்தோடது மட்டும்னு எப்படி சொல்லுவீங்க? ஒரே சங்கிலில இருக்கற அஞ்சு ஏரிய அஞ்சு தனி சாட்சியா எண்ணாதீங்க, வாய்க்கால் மேப்ப கைல வச்சுக்கிட்டு ஏரிய தேர்ந்தெடுங்க.

மலை ஏரியையும் சமவெளி ஏரியையும் ஒரே டேபிள்ல கலக்காதீங்க. ஊட்டி, கொடைக்கானல் தண்ணி வேற குளிர். சமவெளில பெரிய டாஃப்னியா அரிதா இருக்கறதுக்கு சூடு, வருஷம் பூரா மீன், நீலப்பச்சைப் பாசி எல்லாமே காரணமா சொல்றாங்க, இலங்கை நீர்த்தேக்கங்கள நிறைய பாத்த சி.எச். ஃபெர்னாண்டோ மாதிரி ஆளுங்க இந்தச் சின்ன உடம்புக் கூட்டத்தப் பத்தி விரிவாவே எழுதியிருக்காங்க. ஊட்டில கிடைச்சதையும் கண்மாய்ல கிடைக்காததையும் சேர்த்து சராசரி போட்டா இந்த வித்தியாசமே மறைஞ்சுடும். பழவேற்காடு மாதிரி உப்பு ஏறி இறங்கற இடத்துல கண்டக்டிவிட்டி இல்லாத சாம்பிளுக்கு மதிப்பே இல்ல, ஏன்னா உப்பு கூடுற நேரத்துல கடல் நீர்த்தெள்ளான பெனீலியா கூட உள்ள வரலாம்.

கடைசியா அந்த மீன் குத்தகைக்காரர். எந்த வருஷம் குஞ்சு விட்டாரு, எங்கேர்ந்து வாங்குனாரு, கட்லாவா ஜிலேபியா, இத எழுதிக்குங்க. கட்லா மேல்தண்ணில மிதவை உயிரியத் தின்னு வளர்ற மீன், அத நிறைய விட்ட வருஷம் பெரிய தெள்ளு காணாம போகறதுல ஆச்சரியமில்ல. மீன்குஞ்சு வந்த பையோட தண்ணில புது இனமும் வரும். ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியாவோட டாஃப்னியா லும்ஹோல்ட்சி 1990 வாக்குல அமெரிக்க நீர்த்தேக்கங்கள்ல தட்டுப்பட்டப்ப மீன் இறக்குமதி மேலதான் சந்தேகம் போச்சு. பறவை கால், மாட்டுக் குளம்பு, வலை இதெல்லாமும் முட்டைக்கூட்ட தூக்கிட்டுப் போகும், உங்க வலையும் சேர்த்துத்தான். ஒரு ஏரி முடிஞ்சதும் வலையையும் பூட்ஸையும் சேறு போகக் கழுவி, சுடுதண்ணில முக்கி, காய வச்சுட்டு அடுத்த ஏரிக்குப் போங்க.